சுருள்பாசி, குளோரெல்லா: நன்னீர்ப் பாசியைத் துணை உணவாகச் சாப்பிட நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குளத்தில் படர்ந்திருக்கும் பாசியைத்தான் தூளாக்கி விற்கிறார்களா?

இல்லை. குளத்தில் பச்சையாகப் படர்வது ஒரே உயிர் அன்று. அதில் பல வகைப் பாசிகளும் பாக்டீரியாக்களும் கலந்து கிடக்கும், சில நேரம் நஞ்சு சுரக்கும் இனங்களும் இருக்கும். துணை உணவாக விற்கப்படுபவை தேர்ந்தெடுத்த ஓரிரு இனங்கள் மட்டுமே. அவற்றைத் தனித் தொட்டிகளில், கணக்காகக் கலந்த ஊட்ட நீரில் வளர்க்கிறார்கள். அறுவடை செய்து, கழுவி, உலர்த்தினால் தூள் கிடைக்கிறது.

இந்தப் பக்கம் முழுவதும் திரும்பத் திரும்ப வரப்போகிற ஒரு செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாசிக்கு வேரும் இல்லை, தோலும் இல்லை. தான் மிதக்கும் நீரில் என்ன கரைந்திருக்கிறதோ அதை உடல் முழுவதாலும் உறிஞ்சிக்கொள்ளும். நீர் சுத்தமாக இருந்தால் பாசியும் நல்ல உணவு. நீரில் ஈயமோ காட்மியமோ இருந்தால் அதுவும் தூளோடு சேர்ந்து வரும். எனவே டப்பாவின் மேல் அச்சிட்டிருக்கும் சத்துப் பட்டியலைப் படிக்கும் முன், அந்தப் பாசி எந்த நீரில் வளர்ந்தது என்று கேளுங்கள்.

சுருள்பாசி, குளோரெல்லா இரண்டும் ஒன்றுதானா?

நிறம் மட்டும்தான் ஒன்று. ஸ்பைருலினா என்ற பெயரில் கடைகளில் கிடைப்பதுதான் சுருள்பாசி. உயிரியல் கணக்கில் அது பாசியே அன்று. ஒளிச்சேர்க்கை செய்யும் ஒரு பாக்டீரியா. நீலப்பச்சைப் பாசி என்று பள்ளிப் பாடத்தில் படித்தோமே, அந்தக் குடும்பம். நுண்ணோக்கியில் ஒரு துளியை வைத்துப் பார்த்தால் பேனாவுக்குள் இருக்கும் கம்பிச்சுருளைப் போன்ற பச்சை இழைகள் மெல்லச் சுழன்றுகொண்டே நகர்வதைக் காணலாம். நான் முதன்முறை பார்த்தபோது கண்ணை எடுக்க மனமில்லாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சுருள் வடிவமே அதற்குப் பெயராயிற்று.

குளோரெல்லா உண்மையான பச்சைப்பாசி. உருண்டையான ஒற்றைச் செல்; குறுக்களவு 2 முதல் 10 மைக்ரோமீட்டர் வரைதான். டச்சு அறிஞர் மார்ட்டினஸ் பெய்ஜரிங்க் 1890இல் அதைத் தனியே பிரித்து வளர்த்துப் பெயரிட்டார்.

இந்த வடிவ வேறுபாட்டால் நமக்கு என்ன என்று தோன்றலாம். நிறைய இருக்கிறது. சுருள்பாசி நீண்ட இழையாக இருப்பதால் நுண்துளைத் துணியில் வடித்தே அதை எடுத்துவிடலாம். அதன் செல்சுவர் மெல்லியது, செல்லுலோஸ் இல்லாதது, எளிதில் செரிக்கும். குளோரெல்லா துணிக்குள் புகுந்து ஓடிவிடும் அளவுக்குச் சிறியது. அதை வேகமாகச் சுழலும் இயந்திரத்தில்தான் பிரித்தெடுக்க முடியும். அதன் செல்சுவரும் தடித்தது. அப்படியே விழுங்கினால் உள்ளே இருக்கும் சத்தில் பெரும்பகுதி செரிக்காமல் போய்விடும். அதனால் அரைத்தோ, உயர் அழுத்தத்தில் செலுத்தியோ சுவரை உடைத்த பிறகே விற்கிறார்கள். குளோரெல்லா வாங்கும்போது 'செல்சுவர் உடைக்கப்பட்டது' என்ற குறிப்பைத் தேடிப் பாருங்கள்.

மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது: சுருக்கமாக ஏ.எஃப்.ஏ. என்று அழைக்கப்படும் நீலப்பச்சைப் பாசி. அது தொட்டியில் வளர்வதில்லை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள மேல் கிளாமத் ஏரியிலிருந்து அள்ளப்படுகிறது. அதைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

சுருள்பாசி நன்னீரில்தான் வளர்கிறதா? உப்பு ஏரி என்றும் சொல்கிறார்களே?

இரண்டிலும் உண்மை உண்டு. அது கடல்பாசி அன்று. ஆனால் அதன் இயற்கை வீடு சோடா உப்பு நிறைந்த, காரத்தன்மை மிகுந்த உள்நாட்டு ஏரிகள். காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 10ஐ ஒட்டிய நீரில் பெரும்பாலான நுண்ணுயிர்களால் தாக்குப்பிடிக்க முடியாது. சுருள்பாசிக்கோ அதுதான் சௌகரியம். அதனால்தான் திறந்த தொட்டியிலும் வேற்றினங்கள் அவ்வளவாக நுழையாமல் அதை வளர்க்க முடிகிறது. குளோரெல்லா சாதாரண நன்னீரில் வளர்வதால் அதற்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. கண்ணாடிக் குழாய்களிலும் மூடிய கலன்களிலும் அதை வளர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்கு முன் யாராவது இதை உணவாகச் சாப்பிட்டிருக்கிறார்களா, அல்லது புதிய மோகமா?

மிகப் பழைய உணவு. இன்றைய மெக்சிகோ நகரம் இருக்கும் இடத்தில் முன்பு டெஸ்கோகோ என்ற ஏரி இருந்தது. அங்கு வாழ்ந்த ஆஸ்டெக் மக்கள் அதன் மேற்பரப்பில் படர்ந்த சுருள்பாசியை நுண்ணிய வலைகளால் அள்ளி, உலர்த்தி, அப்பமாக்கிச் சந்தையில் விற்றார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் டெக்குயிட்லட்டில். 16ஆம் நூற்றாண்டில் அங்கு சென்ற ஸ்பானியத் துறவி பெர்னார்தினோ தெ சாகுன் இதை எழுதி வைத்திருக்கிறார். பிறகு ஏரியும் வற்றியது, அந்த உணவும் மறைந்தது.

ஆப்பிரிக்காவில் அது மறையவே இல்லை. சாட் ஏரியைச் சுற்றியுள்ள சிறிய சோடா ஏரிகளில் கனெம்பு இனப் பெண்கள் இன்றும் சுருள்பாசியை அள்ளி, மணலில் வடியவிட்டு, வெயிலில் காயவைக்கிறார்கள். 'திஹே' என்று பெயர். அந்தப் பச்சை வில்லைகளை உடைத்துக் குழம்பில் கரைத்துத் தானியக் களியோடு சாப்பிடுகிறார்கள். 1940இல் பிரெஞ்சு அறிஞர் பியேர் தாஞ்சார் இதைப் பற்றி எழுதியபோது யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1960களின் நடுவில் பெல்ஜியத் தாவரவியலாளர் ஜான் லெயோனார் அதே வில்லைகளைச் சந்தையில் கண்டு ஆராய்ந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. கண்டுபிடித்த பெருமை அறிவியலாளர்களுக்குத் தரப்படுகிறது. தலைமுறை தலைமுறையாக அதைக் காத்து வந்தவர்கள் அந்தப் பெண்கள்.

குளோரெல்லாவின் வரலாறு வேறு. அது ஆய்வுக்கூடத்தில் பிறந்த உணவு. ஒளிச்சேர்க்கையின் படிகளைக் கண்டறிந்து 1961இல் நோபல் பரிசு பெற்ற மெல்வின் கால்வின் தம் ஆய்வுகளுக்குப் பயன்படுத்திய உயிர்களில் அதுவும் ஒன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின், பெருகும் மக்கள்தொகையின் பசியைப் பாசியால் தீர்த்துவிடலாம் என்று பலர் நம்பினார்கள். தொட்டியில் வளர்த்து அறுவடை செய்ய ஆன செலவு அந்த நம்பிக்கையை உடைத்தது. 1960களில் ஜப்பானும் பிறகு தைவானும் அதை மாத்திரையாக மாற்றின. பசிக்கான உணவாக வந்திருக்க வேண்டியது, துணை உணவாக நின்றுவிட்டது.

உண்மையில் என்னென்ன சத்துகள் இருக்கின்றன?

100 கிராம் உலர்ந்த சுருள்பாசியில் ஏறத்தாழ 57 கிராம் புரதம், 28 மில்லிகிராம் இரும்பு, 290 கலோரி என்பது பரவலாகப் பயன்படும் கணக்கு. வளர்ப்பு முறையைப் பொறுத்துப் புரதம் 55 முதல் 70 சதவீதம் வரை மாறும். பீட்டா கரோட்டின், பி வைட்டமின்களில் சில, தாமிரம், காமா லினோலெனிக் அமிலம் என்ற கொழுப்பமிலம், நீல நிறமியான ஃபைகோசயனின் ஆகியவையும் உண்டு. குளோரெல்லாவிலும் புரதம் அதிகம்; பச்சையம் அதில் இன்னும் கூடுதல். ஆனால் நீல நிறமி கிடையாது.

இந்த எண்களைப் பார்த்ததும் மலைக்க வேண்டாம். யாரும் 100 கிராம் சாப்பிடுவதில்லை. பழக்கத்தில் இருக்கும் அளவு 3 கிராம். ஒரு சிறு கரண்டி. அதில் புரதம் 1.7 கிராம்தான். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது. புரதம் வேண்டும் என்பதற்காகப் பாசி வாங்குகிறவர்களிடம் நான் எப்போதும் சொல்வது இதுதான்: அதே பணத்தில் பயறும் பாலும் முட்டையும் பல மடங்கு புரதம் தரும். பாசியைப் புரதத்துக்காக அன்று, அதிலுள்ள நிறமிகளுக்கும் நுண்சத்துகளுக்கும் வேண்டுமானால் வாங்கலாம்.

'ஒரு கிராம் பாசி ஒரு கிலோ காய்கறிக்குச் சமம்' என்கிறார்களே?

தவறு. ஒரு கிலோ காய்கறியில் நார்ச்சத்து மட்டுமே 20 கிராமுக்கு மேல் இருக்கும். ஒரு கிராம் தூளுக்குள் ஒரு கிராமுக்கு மேல் எதுவும் இருக்க முடியாது. மேலும் சுருள்பாசித் தூளில் வைட்டமின் சி இல்லையென்றே சொல்லலாம். ஏதோ ஒரு சத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. இந்த வாசகத்தை நம்பிக் குழந்தையின் தட்டிலிருந்து காய்கறியைக் குறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சைவ உணவுக்காரர்களுக்குப் பி12 கிடைக்குமா?

சுருள்பாசியிலிருந்து கிடைக்காது என்று வைத்துக்கொள்ளுங்கள். இது தெரியாமல் பலர் ஏமாறுகிறார்கள். சுருள்பாசியில் பி12 போலத் தோற்றமளிக்கும் ஒரு பொருள் நிறைய இருக்கிறது. பழைய சோதனை முறையில் ஒரு பாக்டீரியாவை வளரவிட்டு, அது எவ்வளவு வளர்கிறது என்பதை வைத்துப் பி12ஐ அளந்தார்கள். அந்தப் பாக்டீரியா இரண்டையும் வேறுபாடின்றிப் பயன்படுத்திக்கொள்ளும். மனித உடலால் முடியாது. 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மாத்திரைகளைப் பிரித்துப் பார்த்தபோது, பி12 என்று கணக்கிடப்பட்டதில் பெரும்பகுதி இந்தப் போலி வடிவம்தான் என்று தெரிந்தது.

குளோரெல்லாவில் உண்மையான பி12 உண்டு. ஆனால் பொருளுக்குப் பொருள் அளவு பெரிதும் மாறுகிறது. சிலவற்றில் இல்லவே இல்லை. பி12 குறைபாடு நரம்பைப் பாதிக்கும், பாதிப்பு முற்றிவிட்டால் முழுவதும் திரும்பாமலும் போகலாம். எனவே பாசியை நம்பி இருக்காதீர்கள். இரத்தப் பரிசோதனை செய்து, தேவையென்றால் பி12 மாத்திரையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இரத்தசோகைக்கு உதவுமா?

3 கிராம் சுருள்பாசியில் இரும்பு ஏறத்தாழ 0.85 மில்லிகிராம். மாதவிடாய் உள்ள பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 18 மில்லிகிராம் என்பது அமெரிக்கப் பரிந்துரை. ஆக, இது இருபதில் ஒரு பங்குகூட இல்லை. தானியத்திலும் பயறிலும் இரும்பைப் பிடித்துவைக்கும் ஃபைட்டிக் அமிலம் பாசியில் இல்லை என்பது நல்ல செய்தி. எலுமிச்சைச் சாற்றோடு சேர்த்துச் சாப்பிட்டால் இரும்பு இன்னும் நன்றாக உடலில் சேரும்; தேநீர், காபியோடு சேர்த்தால் குறையும். ஆனால் மருத்துவர் இரும்பு மாத்திரை கொடுத்திருந்தால் அதை நிறுத்திவிட்டுப் பாசிக்கு மாறுவது சரியன்று.

அயோடின்? ஒமேகா-3?

அயோடின் நிறைந்திருப்பது கடல்பாசியில். சுருள்பாசியிலும் குளோரெல்லாவிலும் அது சொற்பம். மீன் எண்ணெயில் இருக்கும் டி.எச்.ஏ. என்ற கொழுப்பமிலத்தையும் இவற்றிலிருந்து எதிர்பார்க்க வேண்டாம்; பாசி எண்ணெய் என்று விற்கப்படுவது வேறு கடல் நுண்ணுயிர்களிலிருந்து எடுக்கப்படுகிறது.

கொழுப்பு, சர்க்கரை குறையும், உடலில் உள்ள நச்சு வெளியேறும் என்பதெல்லாம் உண்மையா?

சுருள்பாசி இரத்தக் கொழுப்புகளான கொலஸ்டிராலையும் டிரைகிளிசரைடையும் ஓரளவு குறைப்பதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. அவற்றில் பல, சில பத்து பேரை மட்டும் வைத்து, சில வாரங்களோ மாதங்களோ நடத்தியவை. நம்பிக்கை தருகின்றன, மருந்துக்கு மாற்றாகும் அளவுக்குச் சான்று இல்லை. சர்க்கரைக்கும் இதே பதில்தான்.

நச்சு நீக்கம் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆய்வுக்கூடக் குடுவையில் குளோரெல்லா உலோகங்களைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும் என்பது சரி. அதே இயல்புதான், அழுக்கு நீரில் வளர்ந்தால் அதை நஞ்சாக்கவும் செய்கிறது. உடலில் ஈயமோ பாதரசமோ ஏறியிருந்தால் அதற்கு மருத்துவமனை சிகிச்சை இருக்கிறது.

பாசியில் நஞ்சு கலந்திருக்க வாய்ப்பு உண்டா?

உண்டு. இந்தப் பக்கத்தில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதைப் படித்துவிடுங்கள்.

நீலப்பச்சைப் பாசிக் குடும்பத்தில் மைக்ரோசிஸ்டிஸ் என்றோர் இனம் இருக்கிறது. அது சுரக்கும் மைக்ரோசிஸ்டின் கல்லீரலைத் தாக்கும் நஞ்சு. கொதிக்க வைத்தாலும் அழியாது. 1996இல் பிரேசிலின் கருவாரு நகரில், சிறுநீரக நோயாளிகளுக்கு இரத்தச் சுத்திகரிப்பு செய்யப் பயன்பட்ட நீரில் இந்த நஞ்சு கலந்திருந்ததால் 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நீர் நேராக இரத்தத்தோடு கலந்ததால் நேர்ந்த கொடுமை அது. மாத்திரை சாப்பிடுவதும் அதுவும் ஒன்றல்ல. ஆனால் இந்த நஞ்சு எவ்வளவு கடுமையானது என்பதை அந்த மரணங்கள் சொல்லிவிட்டன.

சுருள்பாசி இந்த நஞ்சைச் சுரப்பதில்லை. குளோரெல்லாவும் இல்லை. தொட்டி கவனிப்பின்றி விடப்பட்டு, வேற்றினம் நுழைந்தால்தான் ஆபத்து. ஏரியில் அள்ளப்படும் ஏ.எஃப்.ஏ. பாசியின் நிலை வேறு. அதே ஏரியில் மைக்ரோசிஸ்டிஸும் வளர்கிறது. அறுவடையில் இரண்டையும் முற்றிலும் பிரிப்பது கடினம். அதனால்தான் ஓரிகன் மாநிலம் 1997இல், இத்தகைய பொருள்களில் ஒரு கிராமுக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் மைக்ரோசிஸ்டின் இருக்கக் கூடாது என்று வரம்பு வைத்தது. என் கருத்தைக் கேட்டால், இயற்கை ஏரியில் அள்ளிய பாசியைக் குழந்தைகளுக்கு எந்த நிலையிலும் கொடுக்க மாட்டேன். எடை குறைந்த உடலில் அதே அளவு நஞ்சு அதிகம் தாக்கும்.

குளோரெல்லாவுக்கும் ஒரு பழைய பாடம் உண்டு. 1977இல் ஜப்பானில் குளோரெல்லா மாத்திரை சாப்பிட்ட சிலருக்கு வெயில் பட்ட இடமெல்லாம் தோல் சிவந்து வீங்கியது. சரியாக உலர்த்தாத பாசியில் பச்சையம் சிதைந்து ஃபியோஃபோர்பைடு என்ற பொருளாக மாறியிருந்தது. அது உடலில் சேர்ந்து ஒளியை உறிஞ்சித் தோலைப் புண்ணாக்கியது. அதன் பிறகு ஜப்பான் அதற்கும் வரம்பு விதித்தது. நல்ல நீரில் வளர்ந்த பாசியையும் அக்கறையற்ற உலர்த்தல் கெடுத்துவிடும் என்பதற்கு இது சாட்சி.

அப்படியானால் நல்ல பொருளை எப்படி அடையாளம் காண்பது?

ஒவ்வொரு தொகுதிக்கும் பரிசோதனை அறிக்கை கேளுங்கள். ஈயம், காட்மியம், பாதரசம், ஆர்சனிக், நுண்ணுயிர் எண்ணிக்கை, மைக்ரோசிஸ்டின் இவை அனைத்தும் அதில் இருக்க வேண்டும். தயாரித்தவர் அல்லாத வேறோர் ஆய்வகம் கொடுத்த அறிக்கை என்றால் இன்னும் நல்லது. கேட்டதும் அனுப்புகிறவரிடம் வாங்குங்கள், மழுப்புகிறவரை விட்டுவிடுங்கள்.

சுருள்பாசிக்கு வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒன்று உண்டு. ஒரு கண்ணாடித் தம்ளர் நீரில் அரைச் சிட்டிகை தூளைக் கலக்கி இரவு முழுவதும் விடுங்கள். காலையில் மேலே நிற்கும் நீரை வடிதாளில் வடித்துப் பாருங்கள். கவனமாக உலர்த்திய தூளாக இருந்தால், பச்சை அடியில் தங்கிவிட, தெளிந்த நீல நீர் இறங்கும். அதை வெயிலில் பிடித்துப் பக்கவாட்டில் பார்த்தால் உள்ளே மங்கலான செந்நிறம் ஒளிர்வதும் தெரியும். அதுதான் ஃபைகோசயனின். அதிகச் சூட்டில் உலர்த்தியிருந்தாலோ, தூள் பழையதாகியிருந்தாலோ நீலம் வெளிறியிருக்கும். உலோகமோ நஞ்சோ இருக்கிறதா என்பதை இந்தச் சோதனை சொல்லாது; அதற்கு அறிக்கைதான்.

மணமும் ஓரளவு சொல்லும். லேசான கடற்காற்று மணம் இயல்பு. அழுகிய மீன் நெடி வீசினால் தூக்கி எறியுங்கள்.

எவ்வளவு சாப்பிடலாம்? எப்படித் தொடங்குவது?

முதல் வாரம் அரை கிராம் போதும். வயிறு ஏற்றுக்கொண்டால் மெல்ல 3 கிராம் வரை கூட்டலாம். ஆய்வுகளில் நாளொன்றுக்கு 1 முதல் 8 கிராம் வரை கொடுத்திருக்கிறார்கள். அதற்காக 8 கிராமை எட்ட வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. தொடக்கத்தில் வயிறு உப்புசம், குமட்டல், தலைவலி சிலருக்கு வரும். 'உடல் சுத்தமாகிறது, அதனால்தான்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அளவைக் குறையுங்கள், அப்படியும் தொடர்ந்தால் நிறுத்திவிடுங்கள். தோல் தடித்து அரிப்பெடுத்தாலோ மூச்சு முட்டினாலோ ஒவ்வாமை. உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

தூளா, மாத்திரையா? சமையலில் சேர்க்கலாமா?

சத்தில் வேறுபாடு இல்லை. சுவை பிடிக்காதவர்களுக்கு மாத்திரை. தூளாக எடுப்பவர்கள் பழக்கூழிலோ மோரிலோ கலக்கலாம். புளிப்பு அந்தப் பாசி வாடையை அடக்கும். கொதிக்கும் உணவில் போட்டால் புரதமும் இரும்பும் எங்கும் போகாது, நீல நிறமி மட்டும் சிதையும். அடுப்பிலிருந்து இறக்கி, சூடு தணிந்த பிறகு சேர்ப்பதே நல்லது.

மலம் பச்சையாகப் போகிறது, பயப்பட வேண்டுமா?

வேண்டாம். நிறமிதான் வெளியேறுகிறது.

யார் சாப்பிடக் கூடாது?

பினைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் கட்டாயம் தவிர்க்க வேண்டும். பாசிப் புரதத்தில் பினைல்அலனைன் என்ற அமினோ அமிலம் இருக்கிறது, அதை அவர்கள் உடலால் சரிவரச் சிதைக்க முடியாது. லூபஸ், முடக்குவாதம், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்களுக்கு, பாசி நோயெதிர்ப்பு மண்டலத்தைத் தூண்டிவிடலாம் என்பதால் வேண்டாம். உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் அப்படியே. இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்து எடுப்பவர்கள், குளோரெல்லாவில் உள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் கெடுக்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். யூரிக் அமிலம் அதிகம் உள்ளவர்களும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். வேகமாகப் பெருகும் நுண்ணுயிர் எதிலும் நியூக்ளிக் அமிலம் அதிகம், அது உடலில் யூரிக் அமிலமாக மாறும்.

கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் பற்றிப் போதுமான ஆய்வுகள் இல்லை. மருத்துவர் சொல்லாமல் தொடங்காதீர்கள்.

வீட்டிலேயே வளர்க்கலாமா?

சுருள்பாசியை ஒரு கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பது நடக்காத காரியம் அன்று. சோடா உப்பு கலந்த நீர், 35 டிகிரியை ஒட்டிய வெப்பம், வெளிச்சம், அடிக்கடி கலக்கிவிடுதல் இவை போதும், பச்சை நாளுக்கு நாள் அடர்ந்துகொண்டே போகும். சிக்கல் அதன் பிறகுதான். காரத்தன்மை இறங்கினால் வேற்றினங்கள் புகுந்துவிடும். வெறுங்கண்ணுக்கு அந்தப் பச்சையும் இந்தப் பச்சையும் ஒன்றாகவே தெரியும். நுண்ணோக்கியும் பி.எச். அளவியும் இல்லாமல், பயன்படுத்தும் நீரைப் பரிசோதிக்காமல், அதை வாயில் வைக்காதீர்கள். பார்த்து மகிழவும் பிள்ளைகளுக்கு ஒளிச்சேர்க்கையைக் காட்டவும் வளர்த்தால் அதைவிட அழகான தொட்டி இல்லை.

குளத்திலிருந்து அள்ளிவந்து காயவைத்துச் சாப்பிடலாமா என்று கேட்பவர்களுக்கு: ஒருபோதும் கூடாது.

திறந்த டப்பாவை எப்படி வைத்திருப்பது?

ஒளி, ஈரம், சூடு மூன்றும் ஆகாது. இறுக மூடிய, ஒளி புகாத டப்பாவில் அடுப்பிலிருந்து தள்ளி வையுங்கள். ஈரக் கரண்டியை உள்ளே விடாதீர்கள். பெரிய டப்பாவாக வாங்கி மாதக்கணக்கில் திறந்து மூடுவதைவிடச் சிறியதாக வாங்கி இரண்டு மூன்று மாதத்தில் தீர்த்துவிடுவது நல்லது. கரும்பச்சை மாறிப் பழுப்போ மஞ்சளோ ஏறியிருந்தால், தேதி மீதமிருந்தாலும் அதைச் செடிகளுக்கு உரமாகப் போட்டுவிடுங்கள்.